இணையத்தில் தாத்தாவைத் தேடியவர்கள்: அனுபவப் பகிர்வு

பெரம்பூரிலிருந்து

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். 2002, 2005 பட்டியலில் அப்பா அம்மா பெயர் இருக்கிறதா பாருங்கள் என்று எல்லோரும் செல்பேசியும் கையுமாக அலைந்த சமயம். என்னுடைய தேடல் அங்கேதான் ஆரம்பித்தது.

தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பழைய பட்டியல் பாகம் பாகமாக இருக்கிறது. எங்கள் தெருவுக்கான பாகத்தைத் திறந்து வரி வரியாகத் தள்ளிக்கொண்டே போனேன். அப்பா பெயர் வந்தது. தந்தை பெயர் சுப்பராயன். சரி. இரண்டு வரி கீழே பாட்டி. கணவர் பெயர் என்ற இடத்தில் 'பெரியண்ணன்' என்று இருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். "உங்க பாட்டி கடைசி வரைக்கும் அவர் பேரைச் சொன்னதில்லையே, கணக்கெடுக்க வந்தவரிடம் எதையோ சொல்லியிருப்பா" என்றார். பாட்டி 2009இல் போய்விட்டார். கேட்க ஆளில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாளே, முன்னோரைத் தேட இலவசமாகக் கிடைக்கும் ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. நமக்கு முன்னால் ஒரு எழுத்து, அது அப்பாவுடையது. சிலருக்கு ஊர் எழுத்தும் சேர்ந்து வரும். குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக வந்தால்தான் அந்தத் தேடுபெட்டி வேலை செய்யும். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. எங்கள் வகையில் மட்டும் மூன்று சுப்பராயன்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதத்திலும் போட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் போனது. யார் யாரோ சுப்பராயன்கள் வந்தார்கள், எங்கள் தாத்தா வரவில்லை.

அப்புறம்தான் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான்: முதலில் வீட்டுக் காகிதம், பிறகு இணையம். பெட்டியில் 1951ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. அதில் இரண்டாம் வரியில் 'சுப்பராயன் என்கிற பெரியண்ணன்' என்று எழுதியிருந்தது. பாட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஊரில் அவரை எல்லோரும் கூப்பிட்ட பெயரைச் சொல்லியிருக்கிறார்.

பத்திரத்தில் யார் குமாரர் யார் என்று மூன்று தலைமுறை வருகிறது. ஊர், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் இருக்கிறது. ஊர் வட ஆற்காடு ஜில்லா, செய்யாறு தாலுகா. தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் போய் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால் வட ஆற்காடே இல்லை! 1989இல் பிரித்துவிட்டார்கள், செய்யாறு இப்போது திருவண்ணாமலை மாவட்டம். வட்டம், கிராமம், சர்வே எண் போட்டு, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் அ-பதிவேட்டை எடுத்ததும், பத்திரத்தில் இருந்த ஒரு தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் அவர் மகன் பெயர் வந்தது. திரையில் அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. உறவுக்காரர் ஒருவரின் பெயரை முதன்முதலாக ஒரு நிலப் பதிவேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

பதிவுத்துறைத் தளத்தில், சொத்து யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று காட்டும் வில்லங்கச் சான்றும் பார்க்கலாம். இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் வருகிறது, அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு ஊருக்கே போனோம். டீக்கடையில் சுப்பராயன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அப்பா தயங்கித் தயங்கி, "பெரியண்ணன் வகையறா..." என்றார். கடைக்காரர் எழுந்து வந்து வழி காட்டினார். வீட்டுத் திண்ணையில் எண்பது வயது தாண்டிய அம்மா ஒருவர். அப்பாவுக்குச் சித்தப்பா மகள், எனக்கு அத்தை முறை. அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறீங்களா இல்லையா?" எங்களுக்குக் குலசாமி யாரென்றே தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்களில் யாராவது இப்படித் தேடியிருந்தால் எழுதுங்கள்.

பரங்கிமலையிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் கதை போர்க் கதை.

அம்மாவின் பெரிய மாமா இரண்டாம் உலகப் போரில் பர்மா போனவர், திரும்பவில்லை. தந்தி வந்ததாகச் சொல்வார்கள், அந்தத் தந்தி இல்லை. என்று இறந்தார் என்று தெரியாததால் மகாளய அமாவாசையில்தான் அவருக்கும் சேர்த்துத் தர்ப்பணம். நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஒருநாள் உள்ளே போய்க் கல் கல்லாகப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை.

அங்கிருந்த பலகையைப் பார்த்த பிறகுதான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கு இணையதளம் உண்டு என்று தெரிந்தது. தேடுவதற்குக் காசு கிடையாது. பெயரைப் போட்டேன், வரவில்லை. 'சாமி' என்று முடியும் பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் 'ஸ்வாமி', 'சாமி', 'சாவ்மி' என்று மனம் போனபடி எழுதியிருக்கிறார்கள். நான் பிறகு பெயரின் முதல் நான்கு எழுத்தை மட்டும் போட்டு, பணியாற்றியது இந்தியப் படை, பிரிவு ராணுவம் என்று வடிகட்டினேன். கூடுதல் விவரம் என்ற இடத்தில் 'இன்னாரின் மகன், இன்ன ஊர்' என்று பலருக்கும் போட்டிருக்கிறது. அந்த ஊர்ப் பெயர்தான் எங்களுக்குக் கை கொடுத்தது. பெரிய மாமாவின் அப்பா பெயரும் ஊரும் ஒத்துப்போன ஒரே ஒருவர். இறந்தது 1944 பிப்ரவரி.

கல்லறை இல்லை. மியான்மரில் தாவுக்கியான் என்ற இடத்தில் ரங்கூன் நினைவுச் சின்னத் தூண்களில், கல்லறை கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். அதில் அவர் பெயர் உண்டு.

ஆங்கிலத் தேதி தெரிந்ததும் பழைய பஞ்சாங்கம் கணக்கிட்டுத் தரும் ஒரு தளத்தில் போட்டோம். மாசித் தேய்பிறையில் ஒரு திதி வந்தது. இந்த வருடம் அந்தத் திதியில், முதல் முறையாக, அவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்தோம். அம்மா அன்று முழுக்கப் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், "எங்கம்மா இருந்து பார்த்திருக்கணும்" என்றார்.

அம்பத்தூரிலிருந்து

எனக்கு வந்தது எதிர்த்திசையிலிருந்து. தேடி வந்தவர் வேறு நாட்டுக்காரர்.

நண்பர் ஒருவர் மூலம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மையாரின் மின்னஞ்சல் வந்தது. அவருடைய கொள்ளுத் தாத்தா மதராஸ் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர். கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து புறப்பட்ட முதல் கப்பல் ட்ரூரோ, 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் அங்கே போனார்கள், பெரும்பகுதி மதராஸிலிருந்து. போனவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியல் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. இங்கேயே இருந்துவிட்ட நம் கொள்ளுத் தாத்தாக்களைப் பற்றி அத்தனை விவரம் நம்மிடம் இல்லை. கூலியாகப் போனவர்களைத் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது நெஞ்சு கனத்தது.

அம்மையாரிடம் இருந்த நகலில் ஜில்லா வட ஆற்காடு, தாணா 'ட்ரிட்டனி'. அவர் பத்து வருடமாக வேலூர் பக்கமெல்லாம் வரைபடத்தில் தேடியிருக்கிறார். நான் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். திருத்தணி! எங்கள் வீட்டு வாசலிலிருந்து மின்சார ரயில் போகும் ஊர்.

அந்த ஊர் மாறிய மாற்றத்தைப் பாருங்கள். முதலில் வட ஆற்காடு. 1911இல் சித்தூர் மாவட்டம். 1953இல் ஆந்திரம். 1960 ஏப்ரலில் மீண்டும் மதராஸ் மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர். ஆள் எங்கும் நகராமலே முகவரி ஐந்து. பழைய ஆவணத்தில் உள்ள ஜில்லாவை இன்றைய மாவட்டம் என்று நினைத்துத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது.

அம்மையார் வந்தார். கிராமத்தின் பெயரை எங்களால் உறுதியாகப் பிடிக்க முடியவில்லை, ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ஊர்கள் இருந்தன, இரண்டுக்கும் போனோம். சொந்தம் என்று யாரும் கிடைக்கவில்லை. சாயங்காலம் திருத்தணி மலைக்குப் போனோம். அவருக்குத் தமிழ் தெரியாது. படியேறும்போது "அரோகரா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். டர்பனில் அவர்கள் வீட்டில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பது வழக்கமாம், யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாதாம். மேலே போய் நின்றதும் அழுதுவிட்டார். நானும்தான்.

மயிலாப்பூரிலிருந்து

எல்லோரும் நல்லதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு கசப்பும் உண்டு, ஆரம்பிக்கிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு தளத்தில் நான்கு தலைமுறை மரத்தைப் போட்டு, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் பகிர்ந்தேன். பெரியப்பாவின் முதல் மனைவியையும் சேர்த்திருந்தேன். உண்மைதான், ஆனால் அவருடைய மகளுக்கே அது சொல்லப்படாத விஷயம். பெரியம்மா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதி எதையும் பொதுவில் போடுவதில்லை. யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவரிடம் முதலில் கேட்கிறேன்.

இன்னொன்று. பெரியவர்களிடம் "உங்க தாத்தா பேரென்ன" என்று கேட்காதீர்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடும். பழைய கல்யாண போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டுச் செல்பேசியில் ஒலிப்பதிவை, அவர்களிடம் சொல்லிவிட்டு, ஓடவிடுங்கள். என் மாமா ஒரே படத்துக்கு ஒன்றரை மணிநேரம் பேசினார்.

பெரம்பூர் அக்காவுக்கு ஒரு கேள்வி: அந்தப் பத்திரத்தில் பெண்கள் யாராவது இருக்கிறார்களா?

பெரம்பூரிலிருந்து

இல்லை தம்பி. நீங்கள் கேட்ட பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐந்து பங்காளிகள், எல்லோரும் ஆண்கள். இங்கே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்ததே 1989இல்தான். 1951 பத்திரத்தில் தாத்தாவின் அக்கா தங்கை எத்தனை பேர் என்றுகூடத் தெரியவில்லை. பட்டாவிலும் இல்லை. வாக்காளர் பட்டியலிலும் கல்யாணமான பெண் பெரும்பாலும் கணவர் பெயரோடுதான் வருகிறாள், யார் மகள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

செய்யாற்று அத்தைக்கு நேற்று போன் செய்து கேட்டேன். தாத்தாவுக்கு மூன்று தங்கைகளாம். இருவர் பெயரைச் சொன்னார், மூன்றாமவரைச் 'சின்னப்பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்களாம், நிஜப் பெயர் நினைவில்லை. ஆனால் அத்தையின் கல்யாண மொய் நோட்டு, 1963இல் எழுதியது, இன்னும் பீரோவில் இருக்கிறதாம். யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு வைத்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். சின்னப்பாப்பா எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார் என்பதாவது தெரியும்.

வரும் ஞாயிறு போகிறேன். நோட்டு முழுக்க ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு வருவேன்.