1.2 லிட்டர் ட்ராக் காருக்குச் சொந்தமாக விங் செய்வது: தேவையா, வீணா?

ரெசின்கை:
இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டும் ட்ராக் டேக்காக என் பழைய 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்கைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். பின் சீட்டைக் கழற்றி, ரோல் கேஜ் (உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு) போட்டாயிற்று. போன தடவை சி1 திருப்பத்தில் வேகமாக நுழையும்போது பின்பக்கம் லேசாக மிதப்பதுபோல் இருந்தது. அதனால் காற்று பின்பக்கத்தைக் கீழே அழுத்தும்படி, ஃபைபர் கிளாஸில் நானே ஒரு விங் செய்து டிக்கிக் கதவில் பொருத்தப் போகிறேன். நீளம் 1.4 மீட்டர், அகலம் 25 செ.மீ. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிட்லேன்_72:
தம்பி, வேண்டாம். டவுன்ஃபோர்ஸ், அதாவது காற்று வண்டியைக் கீழே அழுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. நீங்கள் சொன்ன அளவுக்கு, லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் (விங்கின் திறனைக் காட்டும் எண்) 1.3 என்று தாராளமாகவே வைத்துக் கணக்குப் போட்டேன். 60 கி.மீ. வேகத்தில் 7 கிலோ. 100-ல் 20 கிலோ. 160-ஐத் தொட்டால்தான் 50 கிலோவைத் தாண்டும். அந்த ட்ராக்கின் 12 திருப்பங்களில் எத்தனையை உங்கள் வண்டி 120-க்கு மேல் எடுக்கும்? மற்ற இடமெல்லாம் அந்த விங் சும்மா சுமைதான். அதே காசுக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் போடுங்கள். டயர் எந்த வேகத்திலும் பிடிக்கும்.

ரெசின்கை:
அண்ணா, டயரும் பேடும் போன மாதமே மாற்றிவிட்டேன். வேகத் திருப்பம் ஒன்றோ இரண்டோதான், சரி. ஆனால் கை நடுங்குவது அங்கேதானே? மெதுவான திருப்பத்தில் பிடி விட்டால் வண்டி சுற்றி நிற்கும். அங்கே விட்டால் சுவர்தான்.

கோவை_சேஸி:
விங் செய்யுங்கள், ஆனால் அதை முதலில் செய்யாதீர்கள். மாணவர்கள் ரேஸ் கார் செய்து போட்டியிடும் ஃபார்முலா பாரத்துக்காகக் கல்லூரி டீமில் இரண்டு வருடம் ஏரோ (காற்றோட்ட வேலை) பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன். விங் பின் அச்சுக்கும் பின்னால் உட்காருகிறது. அரை மீட்டர் தள்ளி இருந்தால், 50 கிலோ அழுத்தும்போது முன் சக்கரங்களிலிருந்து சுமார் 10 கிலோவைத் தூக்கிவிடும் (முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள வீல்பேஸ் 2.45 மீட்டர் என்று வைத்துக்கொண்டால்). உங்களுடையது முன் சக்கர இழுவை வண்டி, ஏற்கெனவே மூக்கை வெளியே தள்ளுவது. பின்பக்க மிதப்பு போகும். ஆனால் ஸ்டீயரிங் திருப்பினாலும் திரும்பாத வண்டியோடு அதே சுவருக்குப் போவீர்கள்.

அதனால் முதலில் ஸ்பிளிட்டர், முன் பம்பருக்கு அடியில் முன்னால் நீட்டி நிற்கும் தட்டைப் பலகை. பம்பரில் மோதித் தேங்கும் காற்று அதை மேலிருந்து அழுத்தும், அடியில் விரைந்து ஓடும் காற்று கீழே இழுக்கும். கடை போர்டுக்கு அடிக்கிறார்களே, அந்த ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட் போதும். பம்பர் பிளாஸ்டிக்கில் மாட்டாதீர்கள், சேஸியிலிருந்து பிராக்கெட் இறக்குங்கள்.

அப்புறம், விங்குக்குத் தெர்மாகோலை உள்ளே வைத்துப் பாலியெஸ்டர் ரெசின் பூச நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். நாங்கள் காசு மிச்சம் பிடிக்க அப்படிச் செய்தோம். ராத்திரி பதினோரு மணிக்குப் பூசினோம். துணியைத் தடவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நுரை கரைந்து, விரல் வைத்த இடமெல்லாம் குழி விழுந்தது. ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடும். எபாக்ஸி ரெசின் அப்படிச் செய்யாது.

பிட்லேன்_72:
கணக்கு சரி. என் பயம் வேறு. 1969-ல் ஃபார்முலா ஒன் ஸ்பெயின் கிராண்ட் பிரீ, மோன்ட்ஜுயிக் ட்ராக். லோட்டஸ் கார்களில் உயரமான கம்பிக் கால்களில் நின்ற விங் உடைந்தது. அவற்றை ஓட்டிய கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரும் ஒரே பந்தயத்தில் தடுப்பில் மோதினார்கள், ரிண்டுக்கு முகத்தில் காயம். அடுத்த மோனகோ பந்தய வாரத்திலேயே உயர விங்குக்குத் தடை வந்தது. உலகச் சாம்பியன் அணியின் வேலையே அப்படி என்றால், டிக்கிக் கதவின் மெல்லிய தகட்டில் நாலு போல்ட் போட்ட விங்கை எப்படி நம்புவது? அது கழன்றால் அடி படுவது பின்னால் வருகிறவனுக்கு.

மூன்றாம்கியர்:
இடத்தையும் பாருங்கள். ஹேட்ச்பேக்கில் காற்று கூரை முடிவதோடு பிரிந்துவிடும், பின் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் சுழல்தான். அங்கே தாழ்வாக வைத்த விங்குக்கு ஒழுங்கான காற்றே கிடைக்காது. செலவில்லாமல் பார்க்க வழி உண்டு. கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, கூரையிலும் பின் கண்ணாடியிலும் டேப்பில் ஒட்டுங்கள். ட்ராக்கில் இன்னொரு காரிலிருந்து படம் எடுங்கள். நூல் நேராகப் படுத்திருந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. துடித்தாலும் முன்பக்கம் திரும்பினாலும் பிரிந்துவிட்டது.

ரெசின்கை:
டிக்கிக் கதவு யோசனையை விட்டுவிட்டேன். அந்தத் தகட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தேன், உள்ளே போகிறது. விங் வரும்போது அதன் கால்கள் ரோல் கேஜோடு சேரும். முதலில் நூல் ஒட்டுகிறேன், அப்புறம் ஸ்பிளிட்டர். ஆனால் அண்ணா, செய்யவே வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிட்லேன்_72:
வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். செய்வதென்றால் இரண்டு விஷயம். முழு பிரேக்கில் மூக்கு இறங்கும்போது ஸ்பிளிட்டர் தரையைத் தொடாத உயரம் வையுங்கள். ட்ராக்கில் இறங்குமுன் வண்டியைப் பிட்டில் (ட்ராக் ஓரப் பராமரிப்பு இடத்தில்) நிறுத்துங்கள். நான் 84 கிலோ. ஸ்பிளிட்டரின் விளிம்பில் ஏறி நிற்பேன். வளைந்தால் அங்கேயே கழற்றிவிட வேண்டும்.

ரெசின்கை:
சரி அண்ணா. ஸ்பேனரோடு வருகிறேன்.