இரண்டாவது பிஸ்டனும் போய்விட்டது: ஆயில் குறைவா, காற்றுக் கசிவா?

புதுபோர்:
டூ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின். இரண்டு வருடம் ஓடாமல் கிடந்த வண்டி. எடுத்து ஓட்டிய சில வாரங்களில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. போர் அடித்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து), புது பிஸ்டன் போட்டு, 1500 கிலோமீட்டர் ஓட்டினேன். நேற்று ஆக்சிலேட்டரை முக்கால்வாசி திருகியபடி இருபது நிமிடம் ஒரே சீராகப் போனேன். சத்தம் மாறியது, பின்சக்கரம் இறுகி நின்றது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கீறல். அந்த இடத்தில் ரிங் அலுமினியத்துக்குள் புதைந்து கிடக்கிறது. மற்ற பக்கங்கள் சுத்தம். பெட்ரோலில் லிட்டருக்கு 25 மில்லி ஆயில், ஒருநாளும் தவறியதில்லை. போர் அடித்தவர் ஆயில் குறைவு என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஸ்பேனர்14:
அவர் சொன்னது சரிதான். எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசாமல் கீறல் எப்படி வரும்? புது போர் இறுக்கமாக இருக்கும், 25 மில்லி பத்தாது. 40 ஊற்றுங்கள்.

நீடில்பேரிங்:
படலம் அறுந்தது உண்மைதான் அண்ணா. ஏன் அறுந்தது என்பதுதானே கேள்வி? டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்த ஆயில் முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸுக்குள் போய் பேரிங்குகளை நனைக்கிறது, பிறகுதான் மேலே ஏறுகிறது. ஆயில் வராமல் செத்த இன்ஜின் என்றால் கனெக்டிங் ராடின் இரண்டு முனை பேரிங்குகளும் காய்ந்து நீலம் பாரித்திருக்கும்.

புதுபோர், அதைப் பாருங்கள். கூடவே பிளக்கின் நிறம், பிஸ்டன் தலையின் அடிப்பக்கம். அப்புறம் இன்னொன்று: ஆக்சிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் உடனே இறங்கியதா?

40 மில்லி மட்டும் வேண்டாம். கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வழியாகப் போவதில் ஆயில் கூடினால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். எங்கோ வெளிக்காற்று கசிந்து உள்ளே புகுந்து, அதற்கு ஈடாகப் பெட்ரோல் பற்றாமல்தான் சூடாகிறது என்றால் அது இன்னும் கெடுதல்.

மைக்ரோமீட்டர்:
பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவிலான இடைவெளியை யாராவது அளந்தீர்களா? அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இறுக்கமாக அடித்த போரில் ஆயில் எவ்வளவு இருந்தாலும் பிடிக்கும்.

நீடில்பேரிங்:
நியாயமான சந்தேகம். ஆனால் இறுக்கத்தால் பிடித்தால் பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னுக்கு (pin) இருபுறமும், நான்கு மூலைகளில் தடம் விழும். பெரும்பாலும் ஆரம்ப ஓட்டத்திலேயே நடந்துவிடும். இங்கே ஒரே பக்கம், அதுவும் மிகவும் சூடாகும் பக்கம்.

புதுபோர்:
பார்த்துவிட்டேன். இரண்டு பேரிங்குகளும் எண்ணெய்ப் பசையோடு பளபளவென்று இருக்கின்றன. பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. பிஸ்டன் தலையின் அடியில் ஆயில் கருகி ஒரு கறுப்பு வட்டம். ஆர்பிஎம் விஷயம் கேட்டதும்தான் உறைத்தது: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கூவிக்கொண்டே இருந்து மெதுவாகத்தான் இறங்கும். கேபிள் கோளாறு என்று நினைத்து கேபிளையே மாற்றினேன்.

ஸ்பேனர்14:
மெயின் ஜெட் அடைத்திருந்தாலும் பிளக் வெளுக்கும். இரண்டு வருடம் கிடந்த வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகியிருக்கும். காற்றுக் கசிவு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நீடில்பேரிங்:
இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் மெயின் ஜெட்டுக்கு வேலை ஆக்சிலேட்டர் நன்றாகத் திறந்திருக்கும்போது. விட்ட பிறகு ஆர்பிஎம் தொங்குவதற்கு அது காரணமாகாது. ஸ்லோ ஜெட் அடைத்தால் ஆகும், அதனால் கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

அதைவிட முக்கியம் காற்றுச் சோதனை. பழைய பிஸ்டனையே போட்டு சிலிண்டரையும் ஹெட்டையும் மாட்டுங்கள். பிஸ்டன் கீழே இருக்கட்டும். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பரால் இறுக்கி அடைத்து, பிளக் துளை வழியாக 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் சீல் நல்லதாக இருந்தாலும் பிதுங்கிவிடலாம். அழுத்தமானியின் முள் இறங்கினால் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். கியர் ஆயில் குறைந்து வெள்ளைப் புகை வந்திருந்தால் கிளட்ச் பக்கத்து சீல். அது இல்லையென்றால் என் சந்தேகம் மேக்னெட் (மின்சாரம் தரும் சக்கரம்) பக்கத்து சீல்.

புதுபோர்:
கார்புரேட்டரின் இரண்டு ஜெட்டும் சுத்தமாக இருந்தன. காற்று ஏற்றினேன், முள் கண்ணெதிரே இறங்கியது. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டில் ஒன்றுமில்லை. மேக்னெட்டைக் கழற்றி சோப்பு நீர் விட்டால் கிராங்க்கைச் சுற்றி நுரை பொங்குகிறது. சீலின் உதடு நகத்தால் அழுத்தினால்கூட அமுங்காத அளவுக்குக் கட்டையாகிவிட்டது. முதல் பிஸ்டன் போனபோது மேல்பாகத்தை மட்டும்தான் பார்த்தார்கள், சீலை யாரும் தொடவில்லை.

ஸ்பேனர்14:
சரி, ஆயில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பக்க சீலையும் மாற்றுங்கள், ஒன்று காய்ந்தால் மற்றதும் அதே வயதுதான். போருக்குக் கொடுக்கும்போது புது பிஸ்டனையும் கூடவே கொடுத்து, அதை அளந்து அடிக்கச் சொல்லுங்கள். மைக்ரோமீட்டர் சொன்ன இடைவெளியை நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

புதுபோர்:
இரண்டு சீலும் வாங்கிவிட்டேன் அண்ணா. மாட்டி, மறுபடி 6 பிஎஸ்ஐ ஏற்றி, முள் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் சிலிண்டரை போருக்குக் கொடுப்பேன்.