பாகு டப்பாவிலிருந்து தானியத்துக்கு மாறியவர்களே, என்ன வாங்கினீர்கள்? எது உழைத்தது?

நியூ ஜெர்சியிலிருந்து:

வீட்டில் பியர் காய்ச்சும் நண்பர்களுக்கு வணக்கம். இதுவரை மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகை வாங்கிக் கரைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஈஸ்ட் போட்டுக்கொண்டிருந்தேன். இனி தானியத்தை நானே ஊறவைத்துச் சர்க்கரை இறக்கலாம் என்று ஆசை. கடைப் பட்டியலைப் பார்த்தால் மூன்று அண்டா, இரண்டு பம்ப், ஒரு ஸ்டாண்ட் என்று போகிறது. விலை தலையைச் சுற்றுகிறது. என்னிடம் இருப்பது மின்சார அடுப்பு, 19 லிட்டர் ஸ்டீல் அண்டா, இரண்டாவது மாடியில் ஒரு அபார்ட்மென்ட். விளம்பரம் சொல்வது வேண்டாம், மாறியவர்கள் என்ன பட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து:

நான் கூலர் கட்சி. விளையாட்டு மைதானத்தில் தண்ணீர் வைப்பார்களே, 10 காலன் உருளைக் கூலர், அதுதான் என் மேஷ் பாத்திரம், அதாவது தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும் பாத்திரம். பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் ஒரு பால் வால்வ் (ball valve), உள்ளே ஒரு துளைத்தட்டு. அவ்வளவுதான். 5 கிலோ மால்ட்டுக்கு 15 லிட்டர் தண்ணீரை 73, 74 டிகிரி செல்சியஸில் ஊற்றினால் கலந்ததும் 67-ல் வந்து நிற்கும். கூலரை முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதுவே இரண்டு மூன்று டிகிரியைக் குடித்துவிடும். ஒரு மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். 10 லிட்டர்போல வோர்ட், அதாவது தானியத்தின் இனிப்புச் சாறு, வடியும். மறுபடி 17 லிட்டர் வெந்நீர் ஊற்றிக் கலக்கி வடித்தால் கொதிக்கவைக்க வேண்டிய 27 லிட்டர் கைக்கு வந்துவிடும். பம்பே தேவையில்லை. கூலர் மேசையில், அண்டா தரையில்.

இதெல்லாம் எளிது. பணம் போன இடம் வேறு. 27 லிட்டரைச் சமையலறை அடுப்பு கொதிக்கவைக்காது. அதனால் புரொப்பேன் பர்னர், அதுவும் திறந்த வெளியில்தான். கராஜுக்குள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு செய்கிறேன் என்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டிக்கொண்டு வராது.

அடுத்தது குளிர்விப்பது. 50 அடி செம்புச் சுருளை இறக்கிக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஆறிவிடும் என்று படித்திருப்பீர்கள். இங்கே கோடையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ஓரளவு சூடு இறங்கியதும் அப்படியே நின்றுவிடும். ஈஸ்ட் போட 20-க்குக் கீழே வர வேண்டுமே! அப்புறம் மீன்தொட்டிக் கடையில் ஒரு சின்ன பம்ப் வாங்கி, வாளியில் ஐஸ் தண்ணீர் வைத்து, கடைசிக் கட்டத்தில் அதைச் சுருளுக்குள் சுற்றவிடுகிறேன். வடக்கே இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

மெல்பர்னிலிருந்து:

ஹூஸ்டன் அண்ணன் சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நாங்கள் குளிர்விப்பதையே விட்டுவிட்டோம். 2000-களில் இங்கே கடும் வறட்சி, தண்ணீர்க் கட்டுப்பாடு. சுருளுக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட்டுச் சாக்கடைக்கு அனுப்ப மனம் வருமா? கொதித்த வோர்ட்டைச் சூடாகவே கனமான எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, பக்கங்களை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடி, எல்லாப் பக்கமும் சூடு படும்படி கேனைப் புரட்டிப் போட்டுவிடுவோம். மறுநாள் ஆறியிருக்கும், ஈஸ்ட் போட்டுவிடலாம். வாரக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் ஆபத்தானவை. இன்னொன்று, கேனுக்குள் சூடு நிற்பதால் கடைசியில் போடும் ஹாப்ஸும் கசப்பைக் கூட்டும். அதற்கேற்ப நேரத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மேஷ் செய்யத் தனிப் பாத்திரமும் கிடையாது. டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் 40 லிட்டர் மின்சார அர்ன், உள்ளே மெல்லிய வலைத்துணிப் பை. தானியம் பைக்குள், தண்ணீர் மொத்தமும் ஒரே தடவையில். பையில் காய்ச்சும் இந்த முறையே ஆஸ்திரேலியாவில் கிளம்பி உலகம் சுற்றியதுதான், கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். 23 லிட்டர் பியருக்கு 32 லிட்டர் தண்ணீர், 5 கிலோ தானியம். அர்ன் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். பையைத் தூக்கும்போது ஈரத்தோடு 8 கிலோவுக்கு மேல் கனக்கும், சொட்டுவதெல்லாம் கையைச் சுடும். உத்தரத்தில் ஒரு கப்பியும் கயிறும் மாட்டிவிட்டேன். இதுவரை வாங்கியதிலேயே மலிவான சாமான் அதுதான், இடுப்பு வாழ்த்துகிறது.

இங்கிலாந்து, ரெடிங்கிலிருந்து:

நான் ஒரே பாத்திரத்தில் எல்லாம் நடக்கும் மின்சார இயந்திரம் வாங்கினேன். பம்ப், தெர்மோஸ்டாட், உள்ளே துளைக்கூடை. நல்ல சாமான். ஆனால் நியூ ஜெர்சி நண்பர் வாங்குமுன் சுவரில் உள்ள பிளக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் 13 ஆம்ப் பிளக்கில் 3,000 வாட்வரை இழுக்கலாம், மெல்பர்னில் 2,400. அமெரிக்காவின் 120 வோல்ட்டில் இந்த இயந்திரங்கள் 1,600 வாட் அளவில்தான் ஓடும். 27 லிட்டரை 67-லிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக எனக்கு அரை மணிக்குள் ஆகிறது, உங்களுக்கு ஒரு மணியை நெருங்கும். அதே சாமான்தான், ஊர்தான் வேறு. 240 வோல்ட்டிலும் ஓடக்கூடிய மாடல் உண்டு, ஆனால் வாடகை வீட்டில் துணி உலர்த்தும் மெஷின் பிளக்கை யார் தருவார்கள்?

யாரும் சொல்லாத இன்னொன்று, ஆவி. ஒரு மணி நேரக் கொதியில் மூன்று லிட்டர்போலக் காற்றில் போகும். எங்கள் ஊர்க் குளிரில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காய்ச்சினால் அந்த மூன்று லிட்டரும் சமையலறைச் சுவரில் வழியும்.

சிகாகோவிலிருந்து:

எல்லாரும் அண்டாவைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் முதல் காசு பழைய ஃபிரிட்ஜுக்கும் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் போக வேண்டும். எந்தப் பாத்திரத்தில் மேஷ் செய்தாலும் குடிப்பவருக்குத் தெரியாது. ஏல் என்னும் பியர் வகைக்கான ஈஸ்ட் முதல் மூன்று நாள் 26 டிகிரியில் புளித்தால் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். நல்ல தெர்மாமீட்டர் அடுத்தது. அரவை மில்லுக்கு அவசரமில்லை, கடையில் அரைத்துத் தருவார்கள். பாதிக்கு மேல் கோதுமையோ ஓட்ஸோ போட்டால் மட்டும் ஒரு பிடி நெல் உமி சேருங்கள், வடியாமல் அடைத்துக்கொள்ளாது.

நியூ ஜெர்சியிலிருந்து:

ஆக, பர்னருக்குப் பால்கனியில் அனுமதி இல்லை, பிளக் 120 வோல்ட், ஃபிரிட்ஜ் வைக்க இடம் பார்க்க வேண்டும். நான் இப்போதைக்குப் பாகோடு இருந்துவிடட்டுமா?

மெல்பர்னிலிருந்து:

எதற்கு? உங்கள் 19 லிட்டர் அண்டாவே போதும், அளவைப் பாதியாக்குங்கள். இரண்டே கால் கிலோ தானியம், 15 லிட்டர் தண்ணீர், ஒரு பை. எல்லாம் சேர்ந்து பதினாறரை லிட்டர்தான் வரும், பத்து லிட்டருக்குக் குறையாமல் பியர் கிடைக்கும். உங்கள் மின்சார அடுப்பு அந்த அளவைத் தாராளமாகக் கொதிக்கவைக்கும். கொதி வரும் நேரத்தில் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள், நுரை பொங்கும். புளிக்கவைக்கும் வாளியும் சின்னதாகிவிடும் என்பதால் சின்ன ஃபிரிட்ஜே போதும். மேஷ் சூடு இறங்காமல் இருக்க, அடுப்போடு உள்ள ஓவனைக் குறைந்தபட்சச் சூட்டில், அதாவது உங்கள் ஊர்க் கணக்கில் 170 ஃபாரன்ஹீட்டில் வைத்து அணைத்துவிட்டு, அண்டாவை மூடியோடு உள்ளே தள்ளிவிடுங்கள். கைப்பிடி பிளாஸ்டிக் என்றால் அது வேண்டாம், ஒரு பழைய ரஜாயைச் சுற்றிவைத்தால் சரி.