'சீம்ஸ் எ குட் டீச்சர்' தவறா? 'லைக்' கட்டாயமா?

கேள்விக்குறி:
ஒரு பயிற்சித் தேர்வில் 'ஷி சீம்ஸ் எ குட் டீச்சர்' என்று எழுதியிருந்தேன். மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். 'லுக், சீம், சவுண்ட் போன்ற வினைகளுக்குப் பின் பெயர்ச்சொல் வந்தால் நடுவில் லைக் கட்டாயம்' என்று ஓரத்தில் குறிப்பு வேறு. உண்மையிலேயே இப்படி ஒரு விதி உண்டா?

வகுப்பறைவாசி:
உண்டு. பெயரடை என்றால் நேராக வரும்: 'ஷி லுக்ஸ் டயர்ட்'. பெயர்ச்சொல் என்றால் 'லைக்' வேண்டும்: 'ஷி லுக்ஸ் லைக் எ டாக்டர்'. நான் பாடம் எடுப்பவன், இந்த இரண்டு வரியைத் தாண்டி ஆரம்பநிலையில் எதுவும் சொல்வதில்லை. நம்மவர்கள் செய்கிற பெரிய பிழையே 'ஹீ லுக்ஸ் லைக் டயர்ட்' என்பதுதான். 'களைத்த மாதிரி', 'டாக்டர் மாதிரி', 'மழை வருகிற மாதிரி' என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'மாதிரி' போதும். அதே கையோடு ஆங்கிலத்திலும் கண்ட இடத்தில் 'லைக்' போட்டுவிடுகிறோம். விதி கறாராக இருந்தால்தான் அது நிற்கும்.

சீமைக்கிளி:
'லைக் டயர்ட்' தவறு என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் இரண்டாவது பாதி அப்படியே நிற்காது சார். 'சீம்ஸ் எ குட் டீச்சர்', 'சீம்ஸ் எ நைஸ் மேன்', 'ஐ ஃபெல்ட் எ ஃபூல்' எல்லாம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்குபவை. அமெரிக்கர்கள்தான் பெரும்பாலும் 'லைக்' அல்லது 'டு பி' சேர்ப்பார்கள். அவர்களும் சேர்க்காத இடம் இருக்கிறது: 'ஹீ டஸன்ட் லுக் ஹிஸ் ஏஜ்', 'ஷி லுக்ஸ் த பார்ட்'. ஏஜ், பார்ட் இரண்டும் அசல் பெயர்ச்சொற்கள். நடுவில் 'லைக்' போட்டுப் பாருங்கள், வாக்கியமே கெட்டுவிடும்.

வகுப்பறைவாசி:
அவை மரபுத்தொடர்கள். விதிவிலக்கைக் காட்டி விதியை உடைக்க முடியாது. சரி, உங்கள் கணக்குப்படி 'ஹீ சீம்ஸ் எ டாக்டர்' என்று எழுதலாமா?

சீமைக்கிளி:
எழுதக்கூடாது. ஆனால் 'லைக்' இல்லாததால் அல்ல. ஒருவர் டாக்டரா இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில். நல்ல ஆசிரியர், முட்டாள் என்பவை அப்படியில்லை. அவற்றில் பேசுகிறவரின் மதிப்பீடு இருக்கிறது, கூட்டலாம், குறைக்கலாம். அதனால் அந்தப் பெயர்ச்சொற்கள் பெயரடை செய்கிற வேலையைச் செய்கின்றன. 'சீம்' அவற்றை நேராக ஏற்றுக்கொள்கிறது. டாக்டர் என்று வந்தால் 'சீம்ஸ் டு பி எ டாக்டர்'.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 'லுக்ஸ் லைக் எ டாக்டர்' என்றால் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் தெரிகிறது, ஆள் நடிகராகக்கூட இருக்கலாம். 'சீம்ஸ் டு பி எ டாக்டர்' என்றால் அவர் பேசுவதையும் செய்வதையும் வைத்து, டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருகிறோம். இரண்டையும் ஒரே விதிக்குள் அடைத்தால் இந்த வித்தியாசம் காணாமல் போகும்.

நடுப்பக்கம்:
குறுக்கே வருகிறேன். 'லைக்' பற்றியே பேசுகிறீர்கள், 'ஆஃப்' என்னாவது? 'ஸ்மெல்ஸ் ஆஃப் கேஸ்' என்றால் அங்கே கேஸ் இருக்கிறது என்று பொருள். 'ஸ்மெல்ஸ் லைக் கேஸ்' என்றால் வாசனை அதைப்போல இருக்கிறது, அவ்வளவுதான். 'டேஸ்ட்ஸ் ஆஃப் லெமன்', 'டேஸ்ட்ஸ் லைக் லெமன்' ஜோடியும் இப்படியே. இந்த 'ஆஃப்' மூக்குக்கும் நாக்குக்கும் மட்டும்தான். 'லுக்ஸ் ஆஃப்', 'சவுண்ட்ஸ் ஆஃப்' என்று இந்தப் பொருளில் யாரும் சொல்வதில்லை.

வகுப்பறைவாசி:
நடைமுறை அவ்வளவு சுத்தமாக இல்லை நண்பரே. வீட்டில் கேஸ் கசிந்தால் 'இட் ஸ்மெல்ஸ் லைக் கேஸ் இன் ஹியர்' என்றுதான் பலரும் கத்துவார்கள். போலத்தான் இருக்கிறது என்று அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்! 'லுக்ஸ் லைக் ரெய்ன்' என்பதும் அப்படித்தான். ஏதோ மழையின் சாயலில் தெரிகிறது என்று அதற்குப் பொருள் இல்லை, மழை வரப்போகிறது என்பதுதான். 'லைக்' ஒப்புமைக்கு மட்டுமில்லை, ஊகத்துக்கும் வரும். சீமைக்கிளி சொன்ன டாக்டர், நடிகர் பிரிவினையும் இங்கே ஆட்டம் காண்கிறது.

சீமைக்கிளி:
ஊகத்துக்கும் வரும் என்பது சரி. ஆனால் 'ஆஃப்' போட்டால் மூலப்பொருளைக் குறிப்பதும் மாறவில்லையே. அப்புறம், 'அப்பியர்' விஷயத்தில் உங்கள் இரண்டு வரி என்ன ஆகும்? அதுவும் தோற்ற வினைதான். 'ஹீ அப்பியர்ஸ் லைக் எ டாக்டர்' என்று எந்த மாணவனாவது எழுதினால் திருத்துவீர்களா, விதிப்படி சரி என்று விட்டுவிடுவீர்களா? இயல்பான வடிவம் 'அப்பியர்ஸ் டு பி'. 'அப்பியர் ஆஸ்' என்றால் மேடையில் ஒரு வேடத்தில் தோன்றுவது. 'அப்பியர் ஃபார்' என்றால் ஒரு கட்சிக்காரருக்காக வக்கீல் ஆஜராவது. முன்னிடைச்சொல் மாறும்போது வேலையே மாறிவிடுகிறது.

வகுப்பறைவாசி:
'அப்பியர்' எழுத்து நடைச் சொல். பேச ஆரம்பிக்கிறவனுக்கு அது அவசியமில்லை. நான் சொன்னதும் அவனுக்காகத்தான்.

நடுப்பக்கம்:
'லைக்' பின்னால் முழு வாக்கியமே வந்தால்? 'இட் லுக்ஸ் லைக் ஹீ ஃபர்காட்'. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இதைப் பார்த்தாலே 'ஆஸ் இஃப்' என்று சிவப்பில் திருத்திவிடுவார்.

சீமைக்கிளி:
பழைய சண்டை அது. அமெரிக்காவில் 1954-இல் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் 'வின்ஸ்டன் டேஸ்ட்ஸ் குட் லைக் எ சிகரெட் ஷுட்' என்று வந்தது. 'லைக்' இல்லை, 'ஆஸ்' என்றிருக்க வேண்டும் என்று இலக்கணக்காரர்கள் குதித்தார்கள். கம்பெனி மாற்றவில்லை, அந்தச் சர்ச்சையையே பிற்பாடு விளம்பரமாக்கிக்கொண்டது. இன்று பேச்சில் 'லுக்ஸ் லைக் ஹீ ஃபர்காட்' எங்கும் செல்லும். கறாரான எழுத்தில் மட்டும் 'ஆஸ் இஃப்', 'ஆஸ் தோ'.

வகுப்பறைவாசி:
இதில் ஒத்துப்போகிறேன். ஆனால் நம் மாணவர்கள் நிஜமாக விழுகிற பள்ளம் இன்னொன்று, அதை யாருமே தொடவில்லை: 'ஹவ் டஸ் ஹீ லுக் லைக்?' இந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி என் பேனா மை தீர்ந்தது. 'லைக்' கடைசியில் நின்றால் முன்னால் 'வாட்'தான் வரும். 'வாட் டஸ் ஹீ லுக் லைக்' என்றால் உயரமா, தாடி உண்டா என்று அடையாளம் கேட்பது. 'ஹவ் டஸ் ஹீ லுக்' என்றால் இப்போது எப்படித் தெரிகிறார், காய்ச்சல் தேறிவிட்டதா என்பது. 'வாட் இஸ் ஹீ லைக்' என்றால் குணம். 'சீம்ஸ் எ நைஸ் மேன்' தெரியாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. இது தெரியாவிட்டால் கேட்டது ஒன்று, கிடைக்கிற பதில் வேறு.

சீமைக்கிளி:
நீங்கள் சொல்லிக்கொடுக்கிற வரிசையைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆரம்பத்தில் 'லைக்' போடச் சொல்லுங்கள். ஆனால் பாடத்தைச் சுருக்கியது நீங்கள், மொழியை அல்ல. சுருக்கத்தில் இல்லை என்பதற்காகச் சரியான வாக்கியத்துக்கு மதிப்பெண் வெட்டுவது எந்த ஊர் நியாயம்?

வகுப்பறைவாசி:
அமெரிக்க ஆங்கிலத் தேர்வு என்றால் வெட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். எந்த ஆங்கிலம் என்று தம்பி சொல்லவே இல்லையே.

கேள்விக்குறி:
தேர்வின் முதல் பக்கத்தில் 'பிரிட்டிஷ் எழுத்துமுறையைப் பின்பற்றவும்' என்று போட்டிருக்கிறார்கள் சார்.

வகுப்பறைவாசி:
அப்படியானால் மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போடுங்கள். 'லுக் த பார்ட்' உதாரணத்தைச் சேர்க்க வேண்டாம், அது மரபுத்தொடர் என்று நான் இன்னும் சொல்கிறேன்.