907 ஆட்டம் காத்திருந்த ஹெயின்சி: நேரில பாத்த ஆக்கள் சொல்லுங்கோ

ஸ்காபரோவிலிருந்து:

இஞ்ச ஐஸ் ஹொக்கி பாக்கிற எங்கட ஆக்களோட கதைச்சால் கதை ரொறொன்ரோ லீஃப்ஸின்ர நட்சத்திரம் மத்யூஸ், அங்க 2025 வரைக்கும் ஆடின மார்னர், இவையைத் தாண்டாது. நான் கேக்கிறது ரொன் ஹெயின்சியைப் பற்றி. 2017 கோடையில, 36 வயசில, ரெண்டு வருசத்துக்கு 60 லட்சம் டொலர் குடுத்து லீஃப்ஸ் எடுத்த டிஃபென்ஸ்மன் (தடுப்பாட்டக்காரன்). வேலையிடத்துச் சீசன் டிக்கெட் மிஞ்சினால் எனக்கு வரும். கோலுக்குப் பின்னால, மூலைப்பக்கத்து இருக்கை. மற்றாக்கள் அந்த இடம் வேண்டாம் எண்டுவினம். எனக்கு அதுதான் விருப்பம், டிஃபென்ஸ்காரரின்ர வேலை முழுக்க அந்த மூலைக்குள்ளதான் நடக்கிறது.

எதிரணி பக்கை (பந்துக்குப் பதிலாய் ஐஸில ஓடுற ரப்பர் வட்டை) மூலைக்குள்ள அடிச்சு விட்டிட்டுக் கலைச்சுக்கொண்டு வரும். ஹெயின்சி திரும்பி ஓடேக்க முதல்ல பக்கைப் பாக்கமாட்டார். இந்தத் தோளுக்கு மேலால ஒருக்கா, அந்தத் தோளுக்கு மேலால ஒருக்கா, ஆர் வாறான் எண்டு பாத்திடுவார். மனுசன் இடக்கை ஆட்டக்காரன். சோடியாய் நிண்ட மோர்கன் ரைலியும் இடக்கை எண்டபடியால் இவரை வலப்பக்கம் விட்டவை. அதால ஐஸைச் சுத்தி நிக்கிற பலகையோரம் வாற பக்கை ஸ்டிக்கின்ர பின்பக்கத்தாலதான் எடுக்கவேணும். ஸ்டிக் பிடிச்சுப் பாத்த ஆக்களுக்கு அந்தக் கரைச்சல் தெரியும். எடுத்த வேகத்தில கண்ணாடியில பட்டு வெளிய போறமாதிரி ஒரு தட்டு. தட்டி முடியத்தான் வந்தவன் பலகையோட சேத்து இடிப்பான். ஹெல்மெட்டைச் சரிப்படுத்திக்கொண்டு பெஞ்சுக்குப் போவார். ஆரும் கை தட்டுறேல்லை.

கை தட்டாட்டிலும் பரவாயில்லை, ஏச்சு வேற. கோச் பாப்கொக் உந்தக் கிழவனை அளவுக்கு மிஞ்சி இறக்கிறார் எண்டு நகரம் முழுக்க முணுமுணுப்பு. அதில ஞாயம் இல்லாமலும் இல்லை. ரெண்டாவது வருசம் வேகமான பெடியள் வெளிப்பக்கத்தால சுத்திப் போகேக்க கால் பிந்தினது எனக்கும் தெரிஞ்சது. ஆனால் அதே 2018–19இல ரைலி 20 கோலோட 72 புள்ளி (கோலும், கோலுக்குக் குடுத்த பாஸும் சேத்து) எடுத்தவர். ரைலி முன்னுக்கு ஓட, பின்னுக்கு நிண்டது ஆர்?

ஹமில்ரனிலிருந்து:

நீங்கள் கடைசி அத்தியாயத்தைப் பார்த்திருக்கிறீர்கள், நான் முதலாவதைப் பார்த்தவன். புது ஆட்டக்காரரை அணிகள் முறை வைத்து எடுக்கிற 2000ஆம் ஆண்டுத் தேர்வில் மொன்றியல் அவரை 13ஆவது ஆளாக எடுத்தது. முதல் சுற்றில் எடுத்த பெடியன் என்றால் நேரே மேலே போய்விடுவான் என்றுதான் நினைப்போம். அவரோ இங்கே கொப்ஸ் கொலிசியத்தில் கீழ் லீக்கின் புல்டோக்ஸ் அணிக்கு ஆடினார். மலிவான டிக்கெட், பாதிக்கு மேல் காலி இருக்கை. இரவு வேலைக்குப் போக முன்னர் இரண்டு பீரியட் பார்த்துவிட்டுப் போவேன். அப்போது அவர் கோல் போட ஓடுகிற டிஃபென்ஸ்மன், பவர் பிளேயில் (எதிரணி ஓராள் குறைவாக ஆடுகிற நேரத்தில்) நிற்கிற ஆள். பின்னாளில் பெனால்டி கில்லுக்கு (தன் அணி ஓராள் குறைவாக ஆடுகிற நேரத்துக்கு) முதலில் இறங்குகிறவராக மாறிவிட்டார் என்பதை ரொறொன்ரோவில் பார்த்தபோது எனக்கு அதிசயமாகவே இருந்தது.

மொன்றியல் அவரை நம்பவே இல்லை. 2005 நவம்பரில் வேவர்ஸில் விட்டார்கள். அப்படி விட்டால் லீக்கில் எந்த அணியும் பதிலுக்கு ஒன்றும் கொடுக்காமல் ஆளைத் தூக்கிக்கொள்ளலாம். கொலம்பஸ் தூக்கியது. பல ஆட்டக்காரரின் கதை அந்த இடத்தோடு முடிந்துவிடும். இவருடையது அங்கேதான் தொடங்கியது.

வினிபெக்கிலிருந்து:

அண்ணை, அந்த ‘தொடங்கினது’க்குப் பிறகுதான் பகிடி. கொலம்பஸை விட்டு 2008இல அட்லாண்டாவுக்குப் போறார், அஞ்சு வருசத்துக்கு 2 கோடியே 25 லட்சம் டொலர். அடுத்த வருசமே கொலம்பஸ் முதல் தரமாய் பிளேஓஃப் (சீசன் முடிய கோப்பைக்காக நடக்கிற சுற்றுகள்) போகுது. அட்லாண்டா போனது ஒரேயொரு தரம், அது 2007இல, இவர் வர முன்னம். 2011இல அந்த அணியையே பெட்டி கட்டி ஜெட்ஸ் எண்ட பேரில எங்கட ஊருக்குக் கொண்டுவந்தினம், இவரும் சேந்து வந்தார். இவர் போய் ரெண்டு வருசத்தால, 2015இல, நாங்கள் போனம். இவர் பிறகு ஆடின கரோலினாவும் அப்பிடித்தான், இவர் வெளிக்கிட்டு ரெண்டு வருசத்தால. சாத்திரிமார் பாத்திருந்தால் என்ன சொல்லியிருப்பினமோ!

ஜெட்ஸ் திரும்பி வந்த வருசம் இந்த ஊர் பட்ட சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த வருசமே லொக்கவுட், ஒப்பந்தத் தகராறில அணி முதலாளிமார் ஆட்டத்தையே நிப்பாட்டிப்போட்டினம். நான் அப்ப அரங்குக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக்கடையில குசினி வேலை. ஆட்டம் இல்லாட்டில் ஷிஃப்ட் இல்லை. மினேஜர் ஒரு சொல்லும் சொல்லாமல் அட்டவணையில பேரை வெட்டிக்கொண்டே போனார். அந்த நேரம் டிவியில அடிக்கடி வந்த முகம் ஹெயின்சியின்ர. ஆட்டக்காரர் சங்கத்தின்ர பேச்சுவார்த்தைக் குழுவில இருந்து முதலாளிமாருக்கு முன்னால நிண்டவர். கோடிக்கணக்கில உழைக்கிறவைக்கு என்ன போராட்டம் எண்டு குசினியில எல்லாருக்கும் எரிச்சல். எனக்கு மட்டும் ஒரு மரியாதை வந்தது, ஏனெண்டால் நட்சத்திர ஆட்டக்காரருக்குப் பயமில்லை, இவரைப்போல நடுத்தரத்துக்குத்தான் அடுத்த ஒப்பந்தம் கேள்விக்குறி.

கேள்விக்குறியாயே போச்சு. 2013 கோடை முழுக்க ஒரு அணியும் கூப்பிடேல்லை. செப்ரெம்பரிலதான் கரோலினா ஒரு வருசத்துக்கு 20 லட்சம் குடுத்தது. முந்தி வருசத்துக்கு 45 லட்சம் வாங்கினவர். சங்கத்தில முன்னுக்கு நிண்டதுக்கோ எண்டு அப்ப எல்லாரும் கதைச்சவை. நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து:

நான் மதுரைக்காரன், இங்கே படிக்க வந்தவன். ஹாக்கின்னா புல்தரை, தன்ராஜ் பிள்ளைன்னு வளர்ந்த ஆள். 2017 பிப்ரவரியில இந்த ஊர் அணி பெங்குவின்ஸ் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் டேனி கிறிஸ்டோங்கிற ஆட்டக்காரரையும் கொடுத்து ஹெயின்சியை வாங்கினப்போ ரூம்மேட் சொன்னான், “பெரிசா எதுவும் இல்ல, பெஞ்சுக்கு ஒரு ஆள்”. ஏப்ரல்ல முதல் ஜோடி டிஃபென்ஸ்மேன் கிறிஸ் லெடாங்குக்குக் கழுத்துல ஆபரேஷன், சீசனே முடிஞ்சுது. பெஞ்சுக்கு வந்தவர் பிரையன் டுமுலினோட முதல் ஜோடியா நின்னுட்டார்.

ஏப்ரல் 12. 907 ஆட்டம் ஆடி முடிச்ச பிறகு அவருக்கு முதல் பிளேஆஃப். அதுவரைக்கும் இவ்வளவு காலம் காத்திருந்தவங்க லீக் வரலாற்றுலயே யாரும் இல்ல. எதிரணி யாருன்னு பாருங்க, கொலம்பஸ்! ஃபைனல் வரைக்கும் போய், அஞ்சாவது ஆட்டத்துல 6–0 ஜெயிச்சப்போ ஆறாவது கோல் இவரோடது. ஆறாவது ஆட்டம் நாஷ்வில்ல. நாங்க ஒரு பார்ல நின்னுக்கிட்டே பார்த்தோம், உட்கார இடமில்ல. 2–0. கேப்டன் கிராஸ்பி கோப்பையை வாங்கிச் சுத்திட்டு அடுத்து யார்கிட்ட கொடுப்பார்னு எல்லாரும் ஒவ்வொரு பேராச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நேரா வந்து ஹெயின்சி கையில கொடுத்தார். பக்கத்துல இருந்த புது ரசிகர் ஒருத்தர், “யாருங்க இவரு?”ன்னு கேட்டார். ரூம்மேட் ஒவ்வொரு அணியா விரல் விட்டுச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோப்பை நாலு கை மாறிடுச்சு.

ஸ்காபரோவிலிருந்து:

கதை முழுசாய் வந்திட்டுது. மிச்சம் கொஞ்சம்தான்: லீஃப்ஸோட ரெண்டு தரமும் பொஸ்ரனிட்ட ஏழாவது ஆட்டத்தில தோல்வி. 2018இல 4–3 எண்டு முன்னுக்கு நிண்டு 7–4 எண்டு தோத்தது இப்பவும் வயித்தெரிச்சல். பிறகு ஒட்டாவாவில ஒரு வருசம். 2020 மார்ச்சில கொவிட் வந்து சீசனை நிப்பாட்ட, அவற்ற ஆட்டமும் அதோட நிண்டது. மொத்தம் 1,132 ஆட்டம். இப்ப அதே சங்கத்தில பெரிய பதவி. வினிபெக் தம்பிக்கு அது பிடிக்கும்.

மார்க்கத்திலிருந்து:

எனக்கு ஹெயின்சி ஆரெண்டே தெரியாது, தலைப்பைப் பாத்து வாசிச்சனான். மகன் டிஃபென்ஸ் விளையாடுறான். விடிய அஞ்சரைக்கு ஐஸ், நாலரைக்கே எழுப்பவேணும். அவனும் இடக்கை, அவனையும் கோச் வலப்பக்கம்தான் விடுறார். கோல் ஒண்டும் போடேல்லை எண்டு காருக்குள்ள ஒரே அழுகை. நான் அவரிட்டக் கேட்டனான், ஏன் பிள்ளையை மாத்தி விடுறியள் எண்டு. “அங்க நிண்டு பிழைக்காமல் விளையாட அவன் ஒருத்தனாலதான் ஏலும்” எண்டார். ஏதோ சமாளிக்கிறார் எண்டு நினைச்சன். இதை வாசிச்சபிறகு அது பாராட்டோ எண்டு யோசிக்கிறன்.

ஸ்காபரோவிலிருந்து:

பாராட்டேதான் தங்கச்சி. ரைலியோட ஹெயின்சி நிண்ட ஆட்டங்கள் யூடியூப்பில கிடக்கும், கோல் தொகுப்பைக் காட்டாமல் முழு ஆட்டத்தைக் காட்டுங்கோ. ஸ்டிக் வாங்க இப்ப யானை விலை. என்ர மூத்தவன் வளந்திட்டான், அவன்ர இடக்கை ஸ்டிக் ரெண்டு கராஜில நிக்குது. மகன் என்ன உயரம் எண்டு எழுதுங்கோ, வெட்டித் தரலாம்.