மரவேலை ரூட்டர் பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாமல் சுடுகிறது, உதவி வேண்டும்

திருவையாறு பட்டறை:
வணக்கம். நிலை, கதவு வேலை செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. மரத்தில் பள்ளம் வெட்டும் 1200 வாட் ரூட்டர் மெஷின், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. தேக்கு நிலையில் 12 மி.மீ. நேர் பிட்டால் (வெட்டும் அலகு) 10 மி.மீ. ஆழத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கிறேன். பத்து நிமிடத்தில் மெஷின் கை வைக்க முடியாமல் சுடுகிறது, கருகல் வாடையும் வருகிறது. உடனே நிறுத்தி அரைமணி நேரம் ஆறவைத்துத்தான் மறுபடி எடுக்கிறேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் பார்த்தேன், இன்னும் மோசம். காடியின் ஓரம் கறுத்துப்போகிறது.

மரம் வீட்டுக்காரர் கொல்லையில் அவருடைய அப்பா வைத்த தேக்கு. ஒரு சட்டம் கெட்டாலும் மாற்று மரம் கிடையாது. பேரிங்கில் எண்ணெய் விடலாமா?

பாபநாசம் தச்சர்:
எண்ணெய் வேண்டாம் தம்பி. பேரிங் கிரீஸ் அடைத்து மூடியே வருகிறது. வெளியிலிருந்து விடும் எண்ணெய் மரத்தூளோடு சேர்ந்து களியாகிவிடும்.

10 மி.மீ. ஆழத்தை ஒரே ஓட்டத்திலா எடுக்கிறீர்கள்? மூன்று மூன்று மி.மீ.யாக இறக்குங்கள். தேக்கில் சிலிக்கா உண்டு, பிட்டின் வாயைச் சீக்கிரம் தின்றுவிடும். மழுங்கிய பிட் வெட்டாது, தேய்க்கும். ஓரம் கறுப்பது அதனால்தான். பிட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வாயோரம் வெள்ளைக் கோடாக மின்னினால் முனை போய்விட்டது. பிசின் மட்டும் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

மன்னார்குடி வைண்டிங்:
ஐயா சொன்னது சரி. ஆனால் கருகல் வாடை மரத்திலிருந்து வருகிறதா, மெஷினுக்குள்ளிருந்தா என்று முதலில் தெரிய வேண்டும். பிட்டைக் கழற்றிவிட்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கீழே, பிட்டைப் பிடிக்கும் கோலெட் பக்கம் சுட்டால் பேரிங். மேலே, பிரஷ் பக்கம் சுட்டுப் பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ் (சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு). சும்மா ஓடும்போது எங்குமே சுடாமல், மரத்தில் இறக்கினால் மட்டும் சுட்டால் சுமையோ காற்றோ கரண்டோ காரணம். மல்டிமீட்டர் இருந்தால், வேலை நடக்கும்போது வோல்ட் பாருங்கள். எவ்வளவு நீள ஒயரில் ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள்.

திருவையாறு பட்டறை:
பார்த்துவிட்டேன் அண்ணே. சும்மா ஓடும்போது பேரிங் பக்கம் சூடில்லை. மேலே கொஞ்சம் சூடு, நீலப் பொறி தெரிகிறது. வோல்ட் சும்மா ஓடும்போது 205, மரத்தில் இறக்கினால் 192. ஒயர் 0.75 சதுர மி.மீ., 30 மீட்டர், சுருட்டியபடியே கிடக்கிறது. பக்கத்து வயலில் குறுவை நாற்றங்காலுக்குப் பம்புசெட் ஓடுகிறது, பட்டறை விளக்கே மங்கித்தான் எரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூள் உள்ளே போகக்கூடாது என்று மேல் துவாரத்தின் மேல் நைலான் சாக்ஸ் மாட்டியிருக்கிறேன். ஆறு மாதமாக அப்படியே இருக்கிறது.

மன்னார்குடி வைண்டிங்:
தம்பி, அந்த சாக்ஸை இப்போதே கழற்றுங்கள். மெஷின் மூச்சு இழுக்கும் வழி அதுதான். ஆர்மேச்சர் (மோட்டாரின் சுற்றும் பகுதி) தண்டிலேயே ஒரு விசிறி இருக்கிறது. அது மேலிருந்து காற்றை இழுத்துக் காயில் வழியாகக் கீழே தள்ளும். சாக்ஸில் தூள் அப்பியிருந்தால் காற்றுக்கு வழியே இல்லை. வேகத்தைக் குறைத்தபோது மோசமானதும் இதனால்தான்: விசிறியும் மெதுவாகச் சுற்றும், மரத்தின் சுமை குறையாது. பெரிய விட்டமுள்ள பிட்டுக்கு வேகம் குறைத்தே ஆக வேண்டும், 12 மி.மீ. பிட்டுக்கு வேண்டியதில்லை.

சூடானதும் உடனே நிறுத்துவதும் தவறு. மரத்திலிருந்து வெளியே எடுத்துச் சும்மா ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சட்டென்று நிறுத்தினால் விசிறியும் நின்றுவிடும், உள்ளிருக்கும் சூடு காயிலின் வார்னிஷைத் தின்னும்.

அடுத்து ஒயர். முழுச் சுமையில் மெஷின் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 30 மீட்டர் 0.75 ஒயரில் மட்டும் கிட்டத்தட்ட 8 வோல்ட் போய்விடும். 2.5 ஒயரில் 3 வோல்ட்கூடப் போகாது. ஓட்டும்போது முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். லைன் வோல்ட் நம் கையில் இல்லை. பம்புசெட் நிற்கும் நேரம் பார்த்துக் காடியை எடுங்கள்.

கடைசியாகப் பிரஷ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் கழற்றுங்கள். 6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நீலப் பொறி கொஞ்சம் இருந்தால் பயமில்லை. பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுற்றி வட்டமாகத் தீ ஓடினால் மேலே ஓட்டாதீர்கள், ஆர்மேச்சர் போயிருக்கலாம்.

திருவையாறு பட்டறை:
சாக்ஸைக் கழற்றினால், உள்பக்கம் தேக்குத்தூள் அப்பளம் போல் கெட்டியாகப் படிந்திருந்தது. கம்ப்ரசரால் ஊதியதில் துவாரத்திலிருந்து பழுப்பாகப் பறந்தது. பிரஷ் ஒன்று 5, இன்னொன்று 4 மி.மீ. தஞ்சாவூரில் அதே அளவில் ஜோடி கிடைத்தது. போட்டுப் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டேன். புதுப் பிட், 2.5 ஒயர், மூன்று மூன்றாக ஆழம். காலை ஐந்தரைக்குப் பம்புசெட் ஓடும் முன்னே ஆரம்பித்து ஒரு சட்டம் முழுவதும் எடுத்தேன். உடம்பில் கை வைத்தால் வெதுவெதுப்புதான். காடி ஓரம் வெளுப்பாக வந்திருக்கிறது. ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி.

பாபநாசம் தச்சர்:
சந்தோஷம் தம்பி. ஏற்கெனவே கறுத்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், காடி அகன்றுவிடும். கூரான உளியால் மெல்ல ஒரு சீவு சீவினால் போதும்.