பொருள்: மறு: ‘ரிமார்க்’ – போர்விமான ஓவிய அச்சுகளுக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம். போர்விமான ஓவியங்களை எண்ணிட்ட படிகளாக அச்சிட்டு விற்கும்போது விவரத்தில் வரும் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில், ‘ரிமார்க்’ (remarque) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ரிமார்க் என்பதற்கு ‘ஓரக்குறிப்பு’ போதுமே?

போதாது என்றே நினைக்கிறேன். குறிப்பு என்றதும் எழுத்துதான் நினைவுக்கு வரும். ரிமார்க் என்பதோ படம். இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் ஒன்றின் ஓவிய அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வெள்ளை ஓரத்தில் ஓவியரின் கையொப்பம், 120/500 என்பதுபோல் படி எண், பல பதிப்புகளில் அந்த ரக விமானத்தை ஓட்டிய விமானிகளின் கையொப்பங்கள். இவை பதிப்பின் எல்லாப் படிகளிலும் இருக்கும். சில படிகளில் மட்டும் அதே ஓரத்தில் ஓவியர் பென்சிலால் சின்னதாக ஒரு ஹரிக்கேன் விமானத்தையோ மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தையோ வரைந்து தருவார். அதுதான் ரிமார்க். அந்தப் படிக்கு மட்டுமே உரியது என்பதால் விலையும் கூடும்.

> அப்படியானால் ‘ஓரக்கீறல்’?

இந்தச் சொல்லை விட மனமே வரவில்லை. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு அச்செடுத்த காலத்தில், தகட்டின் ஓரத்தில் சிறு படம் கீறி ஊசியையும் அமிலத்தையும் சோதிப்பார்கள். சோதனைப் படிகள் எடுத்தபின் அதைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் பதிப்பை அச்சிடுவார்கள். ரிமார்க் பிறந்தது அங்கேதான். இலங்கைத் தமிழில் படம் ‘கீறுவது’ என்றாலே வரைவதுதான். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அச்சு வாங்குபவர் முதலில் தேடுவது தாளில் மடிப்பு, கறை, கீறல் உண்டா என்று. ‘ஓரக்கீறல் உள்ளது’ என்று விவரத்தில் எழுதினால் அதைச் சேதம் என்றே படிப்பார்.

‘விளிம்போவியம்’ என்றால் முதன்மை ஓவியத்தோடு குழம்பும். ‘ஓரச்சித்திரம்’ என்பதே என் பரிந்துரை. கேட்டவுடன் புரிகிறது, சிறியது என்ற தொனியும் இருக்கிறது.

அப்புறம், ‘artist’s proof’ என்பதற்கான ‘ஓவியர் மெய்ப்பு’. மெய்ப்பு என்பது பிழை திருத்த எடுக்கும் படி. இன்று இந்தப் படிகள் சரிபார்க்க எடுப்பவை அல்ல. பதிப்பிலிருந்து விலக்கி, தனி எண்ணிட்டு ஓவியருக்கென ஒதுக்குபவை. ‘ஓவியர் படி’ என்றாலே சரி. அடுத்து ஜிக்ளே (giclée). அது நுண்துளை வழியாக மையைத் தெளிக்கும் முறை, 1991-இல் ஜாக் டுகேன் பிரெஞ்சிலிருந்து எடுத்து வைத்த பெயர். ‘மைத்தூவல் அச்சு’ எனலாம். பழைய ஆஃப்செட் அச்சுகளுக்கு இது பொருந்தாது.

இன்னும் ஒரு சொல் அவசரமாகத் தேவை. 1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த விமானிகளில் கடைசியாக உயிரோடிருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச் 17 அன்று, 105 வயதில் காலமானார். அந்தப் போரின் விமானிகளிடம் இனிப் புதிய கையொப்பம் வாங்க முடியாது. அதனால் தாளில் அவர்களே பென்சிலால் இட்டதையும், மூலத்திலிருந்து படமாக எடுத்து ஓவியத்தோடு சேர்த்து அச்சடித்ததையும் விவரத்தில் பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும். முதலாவது கையொப்பம். இரண்டாவதை ‘அச்சொப்பம்’ எனலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையெனில் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.